ஒரே பகுதி, ஒரு வாரம்: சபையோடு சேர்ந்து வேதம் வாசிக்க முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம், "இன்று எந்த வேதபாடம் வாசித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிரசங்கத்தில் வந்த ஒரு கதை நினைவிருக்கும், பாடிய பாட்டு நினைவிருக்கும். வாசித்த பகுதியைச் சொல்லப் பலர் தடுமாறுவார்கள். இத்தனைக்கும் அவர்களில் நிறையப் பேர் தினமும் வீட்டில் வேதம் வாசிக்கிறவர்கள். வீட்டில் ஒரு பகுதி, ஆராதனையில் வேறு பகுதி, வாரநடுவில் வேதபாடக் கூட்டத்தில் மூன்றாவதாக இன்னொன்று. இப்படி ஓடினால் எந்தப் பகுதியும் மனதில் தங்காது.

பல வருடங்களாக ஒரு சிறிய வேதபாடக் குழுவை நடத்திவருகிறேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை சபை எந்தப் பகுதியைக் கேட்கிறதோ, அதையே அந்த வாரம் முழுவதும் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருமுறை, ஆராதனையில் ஒருமுறை, குழுவில் ஒருமுறை, தனியே ஜெபத்தில் ஒருமுறை. வாசிக்கும் அதிகாரங்கள் குறையலாம், பரவாயில்லை.

எப்படி என்று காட்ட மாற்கு 10:46-52 பகுதியை எடுத்துக்கொள்கிறேன். எரிகோவுக்கு வெளியே வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் கதை. ஏழே வசனம். முதலில் அதை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் முன்: இது காதால் கேட்க எழுதப்பட்டது

வேதாகமத்தின் பெரும்பகுதி, கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார் பவுல் (கொலோசெயர் 4:16). வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில், வாசிக்கிறவன் ஒருமையிலும் கேட்கிறவர்கள் பன்மையிலும் வருகிறார்கள் (1:3). ஒருவர் வாசிக்கிறார், சபை கேட்கிறது. கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், தங்கள் ஞாயிறு கூடுகையை விவரிக்கும்போதும் இதையேதான் சொல்கிறார்: அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் அனுமதிக்கும்வரை வாசிக்கப்படும், அப்புறம் தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்வார்.

அதற்கும் பழைய காட்சி நெகேமியா 8-ம் அதிகாரத்தில் இருக்கிறது. தண்ணீர் வாசலுக்கு முன்னே ஆண்கள், பெண்கள், புரிந்துகொள்ளத்தக்க பிள்ளைகள் எல்லாரும் கூடி நிற்கிறார்கள். எஸ்றா மரத்தால் செய்த பீடத்தின்மேல் நின்று காலை முதல் நடுப்பகல்வரை வாசிக்கிறார். லேவியர் "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." ஜனங்கள் அழுதார்கள். தெளிவாக வாசிப்பது, அர்த்தம் சொல்வது, விளங்கச் செய்வது என்று ஒரே வசனத்தில் மூன்று வேலை. இன்றைக்கும் சபை செய்யவேண்டியது இந்த மூன்றும்தான்.

படி 1: அடுத்த ஞாயிறு என்ன பகுதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாட அட்டவணையைப் பின்பற்றும் சபையானால் இது சுலபம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1969-ம் வருட வாசக ஒழுங்கும், பல சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்தும் 1992-ம் வருடப் பொது லெக்ஷனரியும் மூன்று வருடச் சுழற்சியில் ஓடுகின்றன. முதல் வருடம் மத்தேயு, இரண்டாம் வருடம் மாற்கு, மூன்றாம் வருடம் லூக்கா. யோவான் சுவிசேஷம் உயிர்ப்புக் காலம் போன்ற நாட்களில் எல்லா வருடமும் இடையிடையே வரும். பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று வழக்கமாக நான்கு பகுதிகள்.

நம் பர்திமேயு பகுதி இரண்டாம் வருடத்தில் வருகிறது. அதோடு எரேமியா 31:7-9 வைக்கப்பட்டிருக்கும். அங்கே திரும்பி வருகிற கூட்டத்தில் பார்வையற்றவர்களும் நடக்க முடியாதவர்களும் இருப்பார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். அடுத்து எரிகோ. இரண்டையும் யாரோ யோசித்துத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்பதே நல்ல தியானம்.

உங்கள் சபையில் அட்டவணை இல்லையென்றால் போதகரிடம் நேரடியாகக் கேளுங்கள். "அடுத்த வாரம் எந்தப் பகுதி ஐயா?" என்ற கேள்வி எந்தப் போதகருக்கும் சந்தோஷம் தரும். தயங்க வேண்டாம்.

படி 2: சனிக்கிழமை, சத்தமாக, சுற்றுப்புறத்தோடு

வாய்விட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்தபோது, ஓடிப்போன பிலிப்புவின் காதில் அது விழுந்தது என்றால் அவர் சத்தமாகத்தான் வாசித்திருக்கிறார் (அப்போஸ்தலர் 8:30). கண் தாவிச் செல்லும் சொல்லை நாக்கு தாவ முடியாது.

பிறகு முன்னும் பின்னும் பாருங்கள். அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலப் பேராயர் காலத்தில் நிலைபெற்றது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றிருக்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-ல் போட்டார். எழுதினவர்கள் போட்ட கோடுகள் அல்ல அவை. அதனால் அந்தக் கோட்டைத் தாண்டித் தைரியமாகப் போகலாம்.

தாண்டிப் போனால் என்ன கிடைக்கும்? பர்திமேயுவுக்குப் பத்து வசனம் முன்னால் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வருகிறார்கள். "உங்களுக்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார். அவர்கள் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்கிறார்கள். பர்திமேயுவிடமும் ஏறக்குறைய அதே கேள்வி. அவன் பார்வை கேட்கிறான். இரண்டு பதிலையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டால் பார்வையில்லாதவர் யார் என்ற கேள்வி தானாக எழும்.

இன்னும் முன்னால் போங்கள். 8:22-26-ல் பெத்சாயிதாவில் இன்னொரு பார்வையற்றவர். அவருக்குப் பார்வை இரண்டு தடவையில் வருகிறது. முதலில் மனிதர்கள் மரங்களைப் போல நடமாடுவதாகத் தெரிகிறார்கள். அந்தக் கதைக்கும் பர்திமேயுவின் கதைக்கும் நடுவில்தான் இயேசு தம் மரணத்தைப் பற்றி மூன்று முறை சொல்கிறார் (8:31, 9:31, 10:33). மூன்று முறையும் சீஷர்களுக்குப் புரியவில்லை. ஆக, இரு முனையிலும் கண் திறக்கும் கதை, நடுவே கண் திறக்காத சீஷர்கள். மாற்கு எவ்வளவு யோசித்து அடுக்கியிருக்கிறார் என்பதை முதன்முதலில் கவனித்த நாளில் நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவே இல்லை.

சுற்றுப்புறம் பார்க்காமல் வசனத்தை மட்டும் பிய்த்தெடுப்பதில் ஆபத்தும் உண்டு. எரேமியா 29:11 எத்தனையோ பேருக்கு வாக்குத்தத்த வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இது தெரிந்த பிறகு அந்த வசனத்தை விட்டுவிட வேண்டியதில்லை. நீண்ட காத்திருப்பில் இருக்கிற ஒருவருக்கு அது முன்பைவிட ஆழமாகப் பேசும். அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்பதற்குச் சீட்டாக அதை நீட்டுவதுதான் தவறு.

படி 3: இரண்டு மொழிபெயர்ப்பை ஒப்பிடுங்கள்

தமிழில் நமக்குப் பழைய திருப்புதலும் உண்டு, பொது மொழிபெயர்ப்பும் உண்டு. கதையின் கடைசியில் பழைய திருப்புதல் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறது. பொது மொழிபெயர்ப்பில் "நலமாக்கிற்று" என்று வருகிறது. எது சரி? கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. ஒரு தமிழ்ச் சொல் அதில் பாதியைத்தான் தாங்கும். இரண்டையும் வாசிக்கிறவருக்கு முழுதும் கிடைக்கும்.

அதுபோலவே பழைய திருப்புதலில் பர்திமேயு "ஆண்டவரே" என்று கூப்பிடும் இடத்தில், மூலத்தில் "ரபூனி" (போதகரே) என்றிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் வாயில்.

விளக்கவுரை, வேதாகம அகராதி எல்லாம் நல்லவைதான், ஆனால் நீங்களே இரண்டு மூன்று முறை வாசித்த பிறகு எடுங்கள். உதவி தேடுவது வெட்கமல்ல. "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று அந்த மந்திரியே கேட்டார்.

படி 4: நீங்கள் வாசிக்கிறவரானால்

ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பைச் சிலர் கடைசி நிமிடத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தருகிற விஷயம். அந்த வாரம் முழுவதும் வேதத்தைத் திறக்காத ஒருவர் கேட்கப்போகும் ஒரே வேதவாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரப்போகிறது.

வீட்டில் மூன்று முறை சத்தமாக வாசித்துப் பழகுங்கள். பெயர்களை முதலில் சரிபாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் வரும் அப்போஸ்தலர் 2:9-11-ல் பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், கப்பத்தோக்கியா, பம்பிலியா என்று அடுக்கடுக்காக வரும். தயாரிக்காதவர் அங்கே திக்கினால் கேட்கிறவர்களின் கவனம் முழுவதும் திக்கலுக்குப் போய்விடும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய திருப்புதலில் பேச்சுக்குறி கிடையாது. யார் பேசுகிறார் என்பதைக் குரலின் நிறுத்தம்தான் காட்ட வேண்டும். "இயேசு நின்று" என்ற இடத்தில் நீங்களும் ஒரு நொடி நில்லுங்கள். எருசலேமை நோக்கிப் போகிற ஒரு பெரிய கூட்டம் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடுகிறது. சபைக்கு அது கேட்க வேண்டும். நாடகபாணி மட்டும் வேண்டாம். அழுகைக் குரலை நீங்கள் நடிக்கத் தேவையில்லை, வசனமே அதைச் செய்யும்.

படி 5: நீங்கள் கேட்கிறவரானால்

ஏறக்குறைய கி.பி. 270-ல் எகிப்தில் அந்தோனி என்ற இளைஞர், பெற்றோரை இழந்த சில மாதங்களில், ஆலயத்துக்கு நடந்து போகிறார். அப்போஸ்தலர்கள் எப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்சென்றார்கள் என்று வழியெல்லாம் யோசனை. உள்ளே நுழைந்தபோது, உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்கிற சுவிசேஷப் பகுதி வாசிக்கப்பட்டது. தனக்கென்றே வாசித்ததாக அதை ஏற்று, வெளியே போய்ச் சொத்தைக் கொடுத்துவிட்டார். பின்னாளில் வனாந்தரத் துறவிகளின் தந்தை என்று அறியப்பட்டவர் அவர்தான். அந்த ஒரு வாசகம் திடீரென்று வேலை செய்ததாகத் தோன்றும். ஆனால் யோசித்துக்கொண்டே வந்த மனதில்தான் அது விழுந்தது. சனிக்கிழமை வாசிப்பு நமக்கும் அதே வேலையைச் செய்கிறது.

வாசிப்பு நடக்கும்போது சில வாரம் புத்தகத்தைப் பாருங்கள், சில வாரம் மூடிவிட்டுக் கேளுங்கள். இரண்டும் வேறு அனுபவம். போனில் வாசிக்கிறவர்கள் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

பிரசங்கத்துக்கு நான் மூன்று வரி எழுதுவேன். எனக்கு இதுவரை தெரியாத எதைப் போதகர் காட்டினார்? அதை இந்தப் பகுதியின் எந்தச் சொல்லிலிருந்து எடுத்தார்? எனக்கு இன்னும் விளங்காதது எது? இரண்டாவது வரிதான் முக்கியம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே, "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்தார்கள், அதற்காக அவர்கள் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). ஆராய்வது அவமரியாதை அல்ல. ஆனால் குற்றம் கண்டுபிடிக்க உட்காருகிறவர் பெரோயாவைச் சேர்ந்தவர் அல்ல. அவர்கள் "மனோவாஞ்சையாய்" ஏற்றுக்கொண்ட பிறகே ஆராய்ந்தார்கள்.

படி 6: குழுவில் அதே பகுதி

ஆறு முதல் பத்துப் பேர், ஒரு மணி நேரம். இரண்டு வெவ்வேறு குரலில் பகுதியை வாசியுங்கள், பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். முதல் கேள்வி எப்போதும் "என்ன பார்க்கிறீர்கள்?" என்பதாகவே இருக்கட்டும். அர்த்தத்துக்கு அவசரம் வேண்டாம். யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், எந்தச் சொல் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். அர்த்தம் என்ன, நாம் என்ன செய்வது என்பவை அப்புறம்.

நடத்துகிறவருக்கு ஒரே விதி: உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லாதீர்கள். அமைதி நீளும்போது நமக்குப் பதற்றம் வரும். வரட்டும், காத்திருங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அம்மா பல மாதம் வாயே திறக்கவில்லை. வருவார், கேட்பார், ஜெபத்துக்குப் பின் போய்விடுவார். பர்திமேயு பகுதியை எடுத்த அன்று, "அவன் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்" என்ற வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அதட்டினது யாரு? இயேசுவோடகூட நடந்தவங்கதானே?" யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அப்புறம் அவங்களே 'திடன்கொள், உன்னை அழைக்கிறார்'னு சொல்றாங்க பாருங்க" என்றார். அந்தப் பகுதியின்மேல் பல பிரசங்கம் கேட்டிருந்த எனக்கு, அதட்டிய வாயே அழைக்கும் வாயாக மாறியது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சபையாக வாசிப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

குழு கெடுகிற வழிகள் எனக்குத் தெரிந்து நான்கு. நடத்துகிறவர் இரண்டாவது பிரசங்கம் செய்வது. ஒருவரே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்வது. ஒரு வசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, எடுத்த பகுதியை மறந்துவிடுவது. நாலாவதாக, குழுவில் ஒருவர் மனம்விட்டுச் சொன்னது வெளியே போய்விட்டால் அந்தக் குழுவில் மறுபடி யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

முரண்பாடு போலத் தெரியும் இடங்கள் வரும். மாற்குவில் எரிகோவை விட்டுப் புறப்படும்போது ஒருவர். மத்தேயுவில் இரண்டு பேர். லூக்காவில் எரிகோவை நெருங்கும்போது. உடனே முடிச்சவிழ்க்கப் பாயாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். ஒவ்வொருவரும் கதையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். லூக்காவில் இதற்கு அடுத்துச் சகேயு வருகிறான். ஒருவனால் பார்க்க முடியவில்லை, இன்னொருவன் பார்க்க ஆசைப்பட்டு மரத்தில் ஏறுகிறான். இருவரும் அடுத்தடுத்து நிற்பது லூக்காவின் ஏற்பாடு.

படி 7: தனியே, ஜெபமாக

12-ம் நூற்றாண்டில் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தெய்வ தரிசனத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை விவரித்தார். பெயர் தெரியாவிட்டாலும் நடைமுறை எளிது. வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், அதே பகுதியை மெதுவாக வாசியுங்கள். எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். அந்தச் சொல்லையே ஜெபமாக்குங்கள்.

பர்திமேயு பகுதியில் இது மிக நேரடியானது. "எனக்கு இரங்கும்" என்பது ஏற்கெனவே சபையின் ஜெபம். வழிபாட்டில் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று நாம் சொல்லும்போது ஏறக்குறைய அவனுடைய கூப்பிடுதலைத்தான் சொல்கிறோம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மூச்சோடு மூச்சாகச் சொல்லும் இயேசு ஜெபத்தின் வேரும் இந்தக் கதையிலும் ஆயக்காரனின் ஜெபத்திலும் இருக்கிறது. பிறகு இயேசுவின் கேள்வியை உங்களிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். உடனே பதில் வராவிட்டால் மறுநாளும் அங்கேயே இருங்கள்.

ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள், வாரம் ஒன்று போதும். அதோடு செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதிவையுங்கள். "அதிகம் அன்பாயிருப்பேன்" என்று எழுதாதீர்கள். சபையில் யாருடைய குரலை நான் அடக்கிவிட்டேன், இந்த வாரம் யாரைப் போய் அழைப்பேன் என்று பெயரோடு எழுதுங்கள்.

பிள்ளைகளும் முழு வேதாகமமும்

பிள்ளைகளுக்கும் அதே பகுதிதான். கதையைச் சொல்லச் சொல்லுங்கள், நீதியை நீங்கள் சேர்க்காதீர்கள். "அவன் ஏன் மேல்வஸ்திரத்தை எறிந்தான்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பிச்சைக்காரனுக்கு அது படுக்கையாகவும் போர்வையாகவும் இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லி விடுங்கள்.

வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டம் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம். 66 புத்தகங்களைக் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றும் கொஞ்சமும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-ல் தம் சபைக்காக வகுத்த திட்டத்தில் பழைய ஏற்பாடு வருடத்துக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. சபை முழுவதும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஓட்டம் ஓடட்டும். ஞாயிறு பகுதி மட்டும் ஓடாமல் நிற்கட்டும்.

சனிக்கிழமை மறுபடி வரும்போது அடுத்த பகுதியைத் திறக்கும் முன், மாற்கு 11-ம் அதிகாரத்தையும் எட்டிப் பாருங்கள். வழியருகே உட்கார்ந்திருந்தவன் வஸ்திரத்தை எறிந்துவிட்டு "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்" என்று 10-ம் அதிகாரம் முடிகிறது. எட்டே வசனம் கழித்து, எருசலேமின் வாசலில், "அநேகர் தங்கள் வஸ்திரங்களை வழியிலே விரித்தார்கள்."